சின்னவாய் எலோடியா

எலோடியா அக்கா மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவள் செத்து மண்ணுக்குள் போன பிறகும் அது போகவில்லை. அன்றைக்கு என் வலையில் விழுந்தது என் ஆயுசிலேயே பெரிய மீன்பாடு. தோணியின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்தது. நின்றால் கவிழும் என்று குந்தியபடியே துடுப்புப் போட்டுத் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மீன் கீறுகிற எலோடியா அதில் ஒரு மீனை எடுத்தாள். வயிற்றைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். "இதுக்கு என் கத்தி இல்ல," என்றாள். அவ்வளவுதான். கிட்டத்தட்ட அத்தனை மீனும் வெயிலில் கிடந்து நாறியது. கழுகுகள் வந்து தின்றுவிட்டுப் பறக்க முடியாமல் நடந்து போயின. வலை வீசுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் தோணியை அவிழ்க்கும்போது அவள் அங்கேதானே உட்கார்ந்திருந்தாள்? ஒரு வார்த்தை. சொல்லவில்லை. இதை நான் சொல்லிச் சொல்லி என் மனைவி நுரிஸுக்குக் காது புளித்துவிட்டது.

வாயைத் திறக்காததால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. எங்கள் கரெத்தோ துறையில் ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. பாதிரியார் தண்ணீர் ஊற்றி ஒரு பெயர் வைப்பார், ஆற்றங்கரை இன்னொரு பெயர் வைக்கும். எனக்கு மொன்சோலோ. எங்கள் ஏரியில் வாய் நிறையப் பல்லோடு ஒரு மீன் உண்டு, எதைக் கண்டாலும் கடிக்கும், அதன் பெயர். நான் பேசுகிற விதத்தைப் பார்த்து வைத்தார்கள். ஐஸ் லாரிக்காரன் வில்பெர்த்தோவுக்கு மீசையைப் பார்த்துக் கெளுத்தி. எலோடியாவுக்குப் போக்காச்சிக்கோ. அதுவும் எங்கள் ஏரி மீன்தான், நாங்கள் பிடித்துப் பிழைக்கிற மீன்; சின்ன வாய் என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டீச்சர் பெயர் கேட்டிருக்கிறாள். இவள் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றாளாம். மறுபடி கேட்டாள். மறுபடியும் உதடுதான். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "டீச்சர், அது போக்காச்சிக்கோ, பேசாது!" என்று கத்த, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர். அவள் அழவில்லை, அம்மாவிடம் போய்ச் சொல்லவும் இல்லை. கல்யாணப் பந்தலில் பாதிரியாரே வாய்தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார் என்பார்கள்.

அந்த மீனுக்கு அந்தப் பெயரே தப்பு என்பது என் கட்சி. தண்ணீரில் பார்த்தால் வாய் சின்னதுதான், விசிலடிக்கப் போகிற பையன் மாதிரி. ஆனால் மேலுதட்டை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். புனல் மாதிரி வெளியே விரிந்து வரும். தடித்த உதடு, அதன் ஓரமெல்லாம் மணலைத் தொட்ட மாதிரி பொடிப் பற்கள். அந்த உதட்டை ஏரியின் அடிச் சேற்றில் வைத்து நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தூண்டில் புழுவைத் திரும்பிப் பார்க்காது. இன்னொரு மீனைத் தொடாது. சேறும் சேற்றில் படிந்த பாசியும்தான் சாப்பாடு. வலை வீசினால்தான் உண்டு.

"நாள் பூராத் திங்கிற மீனுக்குச் சின்னவாய்னு எவன்க்கா பேரு வெச்சான்?" என்று ஒரு தரம் அவளைக் கேட்டேன்.

"அது யாரையும் கடிக்கிறதில்லல்ல," என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் பேரு உனக்குச் சரியாத்தான இருக்கு? மத்தவங்க பேரைப் பத்தி உனக்கென்ன?"

அவள் வேலை மீன் கீறுவது. எங்கள் மீனில் ருசிக்கும் குறைவில்லை, முள்ளுக்கும் குறைவில்லை. சதைக்குள் கவட்டை கவட்டையாக, தலைமயிர் மாதிரி மெல்லிய முட்கள். நாக்கால் பிரிக்க முடியாது. அதனால் செதில் சுரண்டிய பிறகு இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாகக் குறுக்கே கீறல் போட வேண்டும். கத்தி சின்ன முள்ளை அறுக்க வேண்டும், நடு எலும்பைத் தொடக் கூடாது. ஆழம் குறைந்தால் முள் அறாது. கூடினால் மீன் சட்டியில் உதிரும். சரியாகக் கீறிய மீன் எண்ணெயில் விழுந்தால் முள்ளெல்லாம் பொரிந்து, இருந்த இடம் தெரியாமல் போகும். பல் முளைக்காத குழந்தைக்குக்கூட ஊட்டலாம். கீறாத போக்காச்சிக்கோவை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

துறையில் கீறுகிறவர்கள் பெண்கள். ஆண்கள் பிடிப்பதோடு சரி. வில்பெர்த்தோ போட்ட தகரக் கொட்டகையின் கீழே வரிசையாக மேஜைகள், முதல் மேஜை எலோடியாவுடையது, இரண்டாவது என் நுரிஸுடையது. எலோடியாவின் கத்தி பழைய ரம்பத் தகட்டைத் தேய்த்து அவளே செய்தது. அது மீனில் இறங்கும்போது கர்ர், கர்ர் என்று ஒரே சீராகச் சத்தம் வரும், முள் அறுபடுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் ஊரில் அன்றைக்குச் சாப்பாடு இருக்கிறது என்று பொருள்.

புருஷன் எல்லை தாண்டி வெனிசுவேலாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். "ஆத்துல மேல போன மீனுகூடத் திரும்பி வருது, இந்த ஆம்பள வரலியே," என்று யாரோ துக்கம் விசாரித்தபோது, "மீனு நான் ஆக்கின சோத்தைத் தின்னதில்ல, அதான் தைரியமா வருது," என்றாளாம். அதிகம் பேசாதவள், பேசினால் இப்படித்தான். மகன் ஒருத்தன், யாதிர். கார்த்தஹேனா துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வண்டி ஓட்டுகிறான். இங்கே அவளுக்கு ஒரு வீடு, ஒரு எலுமிச்சை மரம், விற்றுக் கூரைத் தகரம் மாற்றுவதற்காக வளர்த்துவந்த ஒரு பன்றி.

மீன் குறைந்துகொண்டே வந்தது எல்லோருக்கும் தெரியும். என் அப்பா காலத்தில் முழங்கை நீளம் இருந்தது. என் காலத்தில் உள்ளங்கையைக் கொஞ்சம் தாண்டினால் பெரிய மீன் என்றோம். மேலே கட்டின அணையைத் திட்டுவோம். கரையை மேடாக்கி ஏரியை வற்றவைக்கிற எருமைப் பண்ணைக்காரர்களைத் திட்டுவோம். எல்லாம் நியாயமான திட்டுதான். எலோடியா எதையும் திட்டவில்லை. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், கீறுவாள், கொடுப்பாள்.

அந்தப் பெரிய பாடு எனக்குக் கிடைத்த வருஷம், தவக்காலத்தில் யாதிர் அம்மாவைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனான். ஒரு சாப்பாட்டுக் கடை. வாசல் பலகையில் பெரிய எழுத்தில் போக்காச்சிக்கோ, பக்கத்தில் எங்கள் மக்தலேனா ஆற்றின் பெயர். மகன் பெருமையாக அதையே வாங்கிக் கொடுத்திருக்கிறான். தட்டில் வந்தது முழங்கை நீளம். அவள் ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "இது எந்த ஊர் மீனும்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் மறைக்கவில்லை.

"ஐஸ் பெட்டில கப்பல்ல வருதும்மா. தெற்க, ரொம்பத் தூரத்து நாடு. இங்கத்து மீனு இப்ப எங்க கெடைக்குது?"

தட்டை அவள் முழுதாகத்தான் காலி பண்ணினாள்; சாப்பாட்டை வீணாக்குகிற பழக்கம் கிடையாது.  பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே குனிந்து மகனிடம் சொன்னாளாம்: "மீனு முடிஞ்சு போனாலும் பேரு முடியாது போலடா. வேற மீனுக்குக் குடுத்துருவாங்க."

ஈஸ்டர் முடிந்தது. மலைப்பக்கம் மழை பிடித்தது. ஆறு கலங்கி ஒரு சாண் ஏறியது. டிசம்பரில் ஏரியை விட்டு ஆற்றில் மேலே போன மீனெல்லாம் இந்தக் கலங்கல் தண்ணீரில்தான் வயிறு நிறைய முட்டையோடு கீழே இறங்கி வரும். எங்கள் ஏரியை ஆற்றோடு சேர்க்கிற ஓடை ஒன்று உண்டு. அந்த ஓடைமுகத்தில் வந்து கூடும். அங்கேதான் முட்டை விடும். பொரிக்கிற குஞ்சு வெள்ளத்தோடு ஏரிக்குள் போய் வளரும். முட்டை விடுகிற நேரத்தில் ஆண் மீன் குறட்டை விடும். பொய்யில்லை. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் பிடியில் காதை வைத்தால், குண்டு மனிதன் மத்தியானத் தூக்கம் போடுகிற மாதிரி கேட்கும்.

எங்கள் ஊருக்கு அந்தக் குறட்டைதான் பண்டிகை. குறட்டை எங்கேயோ வலை அங்கே. முட்டையைப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கோடு தின்றால்... வேண்டாம், இப்போதும் வாய் ஊறுகிறது. மற்ற மீன்காரர்கள் மீனைத் தேடி அலைவார்கள். எங்களுக்கு மீனே, நான் இங்கே இருக்கிறேன் என்று கூப்பிட்டுச் சொல்லும். சாமி கொடுத்த வரம் என்று நினைத்திருந்தோம்.

அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் நான் அன்றைக்கு வீசினேன். துறைக்கு வந்தேன். மேலே சொன்னேனே, வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு என் கத்தி இல்ல."

"என்னக்கா? கத்தி தொலஞ்சு போச்சா?"

கத்தியை எடுத்துக் காட்டினாள். துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "முட்டை மீனு. முட்டை மீனை இனிமே கீற மாட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள் கீறிடு. நாளைலருந்து கன்னியாஸ்திரியாப் போ."

"மாட்டேன்."

"அப்ப இத்தனை மீனை நான் என்ன செய்ய? தலைல வெச்சுக்கிட்டு ஆடவா?"

"சான் இசித்ரோ திருநாள் வரைக்கும் ஓடைமுகத்துல யாரும் வலை போடாதீங்க. அதுக்கப்புறம் நடுராத்திரி கொண்டாந்தாலும் கீறித் தர்றேன்."

சான் இசித்ரோ மே மாதம் பாதியில் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு மாதம். நான் சிரித்தேன். துறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூடையை அடுத்த மேஜைக்கு இழுத்துப் போனேன்.

"நுரிஸ், நீ கீறு."

நுரிஸ் எலோடியாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். "எனக்குக் கை வலிக்குது."

"காலைல வலிக்கலியே?"

"இப்பதான் வலிக்க ஆரம்பிச்சுது."

அடுத்த மேஜைக்காரிக்கும் கை வலித்தது. அதற்கடுத்தவளுக்குத் தோள். கடைசி மேஜைக்காரி வலி எதுவும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாள். எங்கள் வலைக்காரர்களுக்கெல்லாம் பெரியவன் ஊபல்தோ. அவன் நடுவில் வந்து நின்று, "டேய், கீறுறது என்ன பெரிய வித்தையா? மீனைப் பிடிக்கிறவனுக்கு மீனை அறுக்கத் தெரியாதா? கத்தியைக் கொண்டாங்கடா!" என்றான்.

கொண்டுவந்தோம். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஆம்பிளைகள் நாங்கள். ஊபல்தோ போட்ட முதல் கீறலில் மீன் இரண்டு துண்டானது. நான் பயந்து லேசாகக் கீறினேன். மேல் தோல்தான் கிழிந்தது. இன்னொருத்தன் நெடுக்காகக் கீறினான். கொட்டகைக்கு வெளியே பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் நுரிஸ் பொத்தவில்லை, வாய்விட்டே சிரித்தாள். எலோடியா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஊபல்தோ கையிலிருந்த கத்தியைப் பார்த்து, "விரலு போயிடும், பாத்து," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கீறின வரைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அன்று சாயங்காலமே ஊபல்தோவின் மாமியார் தொண்டையில் முள் நின்றுகொண்டது. வாழைக்காய் உருண்டை விழுங்கினாள், தலைகீழாகக் குனிந்தாள், முதுகில் குத்தச் சொன்னாள். ஒருவழியாக முள் இறங்கியதும் அந்தக் கிழவி முதலில் சொன்னது: "மருமகனே, போக்காச்சிக்கோ எலோடியா கீறாத மீனை இனி இந்த வாசப்படிக்குள்ள கொண்டாந்த, உன் முதுகைக் கீறிடுவேன்."

இதெல்லாம் கெளுத்தி வில்பெர்த்தோவுக்குப் பிடிக்கவில்லை. மீன் கீறினால்தான் அவன் லாரி நிறையும். மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்தான்.

"இந்தத் தகரம் என்னுது. மீனைத் தொட மாட்டேங்கிறவளுக்கு நிழல் எதுக்கு?"

எலோடியா எழுந்தாள். மேஜையைத் தலைகீழாகப் புரட்டித் தலையில் தூக்கினாள். கொண்டுபோய் ஆற்றங்கரைச் சேற்றில், வெட்டவெளியில் போட்டாள். கொட்டகையில் இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் உட்கார்ந்த இடம் போனது. ஊரில் கீறுகிறவளுக்குத் துறையில் இடம் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் மகன் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஓடைமுகம் ஒரு மாதம் வலையில்லாமல் கிடக்குமா, இல்லை இவள் மூட்டை கட்டுவாளா என்பதுதான் பேச்சாக இருந்தது. நுரிஸும் தன் மேஜையைத் தூக்க ஆரம்பித்தாள். "புடிங்க அந்தக் காலை," என்று என்னைப் பார்த்து அதட்டினாள். என் மீனை நாறடித்தவளுக்காக நானே மேஜை தூக்கினேன். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில்பெர்த்தோ விடவில்லை. இரண்டு நாள் கழித்து லாரியில் ஐஸ் பெட்டிகளோடு வந்தான். மூடியைத் திறந்து ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான். முழங்கை நீளம், வெள்ளி மாதிரி மினுங்கியது. துறையே கூடிவிட்டது.

"இந்தா, போக்காச்சிக்கோ. முட்டை இல்ல. உங்க ஓடையும் வேணாம், ஏரியும் வேணாம். கீறுங்க, கூடைல வெச்சுத் தெருவுல கூவி வித்துக்கோங்க. இனிமே வலை போடுற பாடே இல்ல."

எலோடியா வந்து மீனை வாங்கினாள். உதட்டை இழுத்து விரித்துப் பார்த்தாள். செதிலைத் தடவினாள். அவள் பட்டணத்தில் தின்ற அதே மீன்.

"நல்ல மீனு," என்றாள்.

"பாத்தியா!"

"கீறித் தர்றேன். ஆனா இதோட சொந்தப் பேரைச் சொல்லிக் கூவணும்."

"இதோட பேரும் அதான். வாயைப் பாத்தியில்ல? அதே வாய், அதே உதடு. அங்க ஒரு ஆறு, இங்க ஒரு ஆறு. சின்ன வாய் இருந்தாப் போக்காச்சிக்கோதான?"

"வாய் அதே வாய்தான்," என்று ஒத்துக்கொண்டாள் எலோடியா. மீனைப் பெட்டியில் திருப்பி வைத்தாள், கையை உதறினாள். "ஏன் வில்பெர்த்தோ, உனக்கும் ஊபல்தோவுக்கும் ஒரே மாதிரி மீசை. இன்னிக்கு ராத்திரி ஊபல்தோ உன் பேரைச் சொல்லிக்கிட்டு உன் வீட்டுக் கதவைத் தட்டினா, உன் பொண்டாட்டி சோறு போடுவாளா?"

 துறை சிரிப்பில் வெடித்தது. ஊபல்தோ மீசையை முறுக்கிக்கொண்டு, "கதவைத் தொறந்து வெக்கச் சொல்லுய்யா!" என்றான். வில்பெர்த்தோவே, பாவம், வாயைக் கோணிக்கொண்டு சிரித்துவிட்டான். கோபத்தோடு வந்தவன் சிரித்துவிட்டால் அப்புறம் என்ன மிரட்டுவது?

ஆனால் சிரிப்பு வயிற்றை நிரப்பாது. அதை ஊபல்தோதான் கேட்டான், முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு: "அக்கா, வேடிக்கை சரி. ஒரு மாசம் புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

அன்றைக்கு அவள் பேசினதுதான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு. "உள் ஏரில மொன்சோலோ இருக்கு, தூண்டில் போடுங்க. அதைக் கீற வேண்டியதில்ல. வாழை இருக்கு, கிழங்கு இருக்கு. என் பன்றி இருக்கு. நம்ம மீனு முடிஞ்சா இவன் பெட்டி மீனைத் திம்போம், அது நல்ல மீனுதான். ஆனா உன் பேரன் அதைத்தான் போக்காச்சிக்கோன்னு நெனப்பான். இந்த ஆத்துல ஒண்ணு இருந்துச்சுன்னு அவனுக்கு யாரு சொன்னாலும் நம்ப மாட்டான். அது எனக்குப் பிடிக்கல." அப்படிச் சொல்லிவிட்டுப் பன்றியை அவிழ்க்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

நிஜமாகவே வெட்டினாள். அந்தப் பன்றி அவள் கூரை. மழைக்காலம் தொடங்குகிற சமயம். துறையில் பெரிய அண்டா வைத்து வாழைக்காயும் கிழங்கும் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். ஊரே தின்றது. இலையை நக்கிக்கொண்டே ஊபல்தோ சொன்னான்: "ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் பாப்போம். என் மாமியாருக்காகத்தான், வேற எதுக்கும் இல்ல."

அந்த ஒரு மாதம் நாங்கள் தூண்டிலோடு அலைந்தோம். என்னைப் பார்த்து, "உன் சொந்தக்காரனையே புடிச்சுத் திங்கிறியேடா," என்று ஊரெல்லாம் கேலி. ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், சும்மா பார்க்கலாம் என்று ஓடைமுகத்துக்குப் போனோம். நாலைந்து தோணிகள். யாரிடமும் வலை இல்லை. எலோடியா என் தோணியில் வந்தாள். துடுப்பை இறக்கிக் காதை வைத்தேன். அந்தக் குறட்டை. ஒன்றில்லை, நூறு. தோணியின் அடிப்பலகையே அதிர்ந்தது. அத்தனை வருஷமாக அதைக் கேட்டதும் கை வலைக்குப் போகும். அன்றைக்குப் போவதற்கு வலை இல்லாததால் உட்கார்ந்து கேட்டேன். ஊபல்தோகூடத் துடுப்புப் பிடியில் காதை வைத்தான்.

அப்போதுதான் கேட்டேன். "அக்கா, அன்னிக்கு நான் வீசறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு பிடிப்பேன்னு யாரு கண்டா?" என்றாள். "உன் தோணி என்னிக்கு நெறஞ்சு வந்துச்சு?"

துடுப்பை இழுத்துத் தோணியைத் துறைப் பக்கம் திருப்பினேன். 

அடுத்த வருஷமே ஏரியில் மீன் நிரம்பி வழிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏரி ஓரத்தில் விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாகப் போவதைப் பார்த்தோம், அவ்வளவுதான். இன்னும் ஒரு வருஷம் என்றான் ஊபல்தோ. மூன்றாம் வருஷம் மீன் மணிக்கட்டை நன்றாகவே தாண்டியது. அதற்குப் பிறகு யாரும் ஒரு வருஷம் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் சண்டை வரும், யாராவது ஒருத்தன் திருட்டுத்தனமாக வீசுவான். அவன் மீனைக் கீற ஊரில் கத்தி இருக்காது. எதிர்க்கரை ஊர்ப் பெண்களும் கத்தியை இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அங்கே முதலில் கல்லெறிதான் நடந்தது, பிறகு சரியானது. அணை அப்படியேதான் இருக்கிறது, எருமைகளும் இருக்கின்றன. ஆனாலும் போன தவக்காலத்தில் என் பேத்திக்கு நான் ஊட்டியது எங்கள் ஏரியில் வளர்ந்த மீன், முழங்கைக்கு நாலு விரல் குறைவு.

வில்பெர்த்தோ இரண்டு பெட்டி வைத்து விற்கிறான். ஒன்றில் ஆற்று மீன், ஒன்றில் தெற்கத்தி மீன். கூவுகிற பெண்கள் தனித்தனியாகக் கூவுகிறார்கள். தெற்கத்தி மீனும் விற்கிறது, பெரிசாக இருக்கிறதே. எலோடியாவை அவன் கொட்டகைக்குத் திரும்பி வரச் சொன்னான். அவள் போகவில்லை. அவள் மேஜை போட்ட சேற்றிலேயே நாங்கள் ஓலை வேய்ந்து கொடுத்தோம், அவள் வீட்டுக் கூரைக்கும் தகரம் போட்டோம். இப்போது எல்லா மேஜையும் அங்கேதான்.

போன வருஷம் மார்ச்சில், மீன் இன்னும் மேலே இருக்கும்போது, நெஞ்சுச் சளி முற்றி அவள் இறந்துபோனாள். கல்லறைச் சிலுவையில் யாதிர் இரண்டு பெயரும் எழுதச் சொன்னான். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். வலைத்தொட்டிலில் படுத்திருந்தாள், பேசினால் மூச்சு இழுத்தது. நுரிஸ் கால்மாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"மொன்சோலோ, தண்ணி ஏறும்போது நான் இருக்க மாட்டேன்."

"இருப்ப. நீ அவ்வளவு சுளுவாப் போற ஆளா?"

"குறுக்கப் பேசாத, எனக்கு மூச்சு இல்ல. கீழ்ப்பக்கத்துலருந்து மோட்டார் படகுக்காரனுங்க இந்த வருஷம் வர்றானுங்களாம், பெரிய வலையோட. அவனுங்க மீனு நம்ம துறைக்கு வராது. ஐஸ்ல நேரா டவுனுக்குப் போயிடும். நாங்க கத்தியைச் செருகினா என்ன, செருகாட்டி என்ன?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"கலங்கத் தண்ணி வந்ததும் தோணியைக் கொண்டுபோய் ஓடைமுகத்துல நட்டநடுவுல போட்டு உக்காரு. வலையோட எவன் வந்தாலும் திட்டு. உனக்கு வாய் பெருசு, அதை இத்தனை வருஷம் எங்கிட்டயே வீணாக்கிட்ட. நல்லாச் சத்தமாத் திட்டு. அவன் படகைத் திருப்பற வரைக்கும் நிறுத்தாத."